தன் கனம்

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் பழைய உப்புக் குடோன் ஒன்று இருக்கிறது. உப்பு வியாபாரம் வேறு இடத்துக்குப் போன பிறகு ஜெனிட்டா அதை வாடகைக்குப் பிடித்து, தரையைக் கழுவி, பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடமாக மாற்றினாள். அவளுக்கு வயது இருபத்தெட்டு. ஜூடோவில் மாநில அளவு வரை போனவள். முழங்கால் பிசகியதோடு போட்டிகளை விட்டுவிட்டாள். அங்கே வந்த பெண்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட, அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

ஜெனிட்டா அதிகம் பேசமாட்டாள். எதையாவது கேட்டால் பெரும்பாலும் எதையாவது செய்யச் சொல்வாள். பதில் அதற்குள் இருக்கும். இல்லாமலும் இருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் தங்கபுஷ்பம் அங்கே வந்தாள். நாற்பத்து நாலு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். சேலையில் தாளித்த வாடை இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமல் நின்றாள்.

“வாங்கக்கா. எடை குறைக்கணுமா?” என்று கேட்டாள் ஜெனிட்டா.

“இல்ல.”

“மூட்டு வலியா?”

“அதுவும் இல்ல.” தங்கபுஷ்பம் கையை நீட்டினாள். இரண்டு தூண்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே, ஓர் இரும்புக் கம்பி பொருத்தியிருந்தது. “அதப் பிடிச்சுத் தொங்கி மேல ஏறணும். தாடை கம்பிக்கு மேல போவணும்.”

“எத்தனை தடவை?”

“ஒரு தடவ போதும்.”

“சரி.”

“யாரும் தூக்கிவிடக் கூடாது. நானா ஏறணும்.”

அங்கே வருகிறவர்கள் வயிற்றைக் குறைக்க வருவார்கள். மகள் கல்யாணத்துக்குள் ஜாக்கெட் பத்த வேண்டும் என்று வருவார்கள். டாக்டர் சொன்னார் என்று வருவார்கள். அந்தக் கம்பிக்காக மட்டும் ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஏன் என்று ஜெனிட்டா கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துக் கம்பிக்குக் கீழே போட்டாள்.

“உள்ளங்கை உங்க முகத்தப் பாத்து இருக்கணும். பிடிச்சுத் தொங்குங்க.”

தங்கபுஷ்பம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். கம்பியைப் பிடித்தாள். ஜெனிட்டா ஸ்டூலை நகர்த்தினாள். உடம்பின் கனம் முழுவதும் விரல்களுக்கு வந்தது. பிடி கழன்றது. தரையில் நின்றாள்.

“நாலு செகண்டு” என்றாள் ஜெனிட்டா. “நாளைக்கு வாங்க.”

தங்கபுஷ்பம் மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். நாகர்கோவிலில் நர்சிங் படிக்கும் மகளின் பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். தோளில் தையல் பிரிந்ததும், பக்கத்தில் துணி கொடுத்து அதை அகலமாக்கித் தைத்தாள்.

முதல் இரண்டு மாதமும் தொங்குவதுதான் வேலை. தொங்கி முடித்ததும், இடுப்பு உயரத்தில் இருந்த இன்னொரு கம்பிக்கு அடியில் மல்லாந்து படுத்து, காலைத் தரையில் ஊன்றி, நெஞ்சைக் கம்பிக்கு இழுக்க வேண்டும். அதையும் முடித்தால் வீட்டுக்குப் போகலாம். உள்ளங்கையில் முதலில் கொப்புளம் வந்தது. கொப்புளம் உடைந்து, உரிந்து, அந்த இடம் காய்த்துப்போனது. பள்ளிக்கூடத்தில் சோற்றுக் கரண்டியைப் பிடிக்கும்போது எரிந்தது. மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டாள்.

நாலு செகண்டு பத்தானது. பத்து இருபத்தைந்தானது.

ஒருநாள் தங்கபுஷ்பத்துக்குப் பொறுமை போய்விட்டது.

“மாஸ்டர், ஏறுறத எப்பம் சொல்லித் தருவிய?”

“ஏறிப் பாருங்க.”

“வந்த நாள்லருந்து தொங்கத்தான செய்யுதேன்.”

“இன்னைக்குத் தொங்கிட்டே தோளை மட்டும் கீழ இறக்குங்க. கை மடங்கக் கூடாது.”

தங்கபுஷ்பத்துக்குப் புரியவில்லை. ஜெனிட்டா தானே கம்பியைப் பிடித்துத் தொங்கிக் காட்டினாள். காதோடு ஒட்டியிருந்த தோள்கள் கீழே இறங்கின. உடம்பு மேலே வந்தது. அப்படியே நிறுத்தாமல் பத்து தடவை தாடை கம்பியைத் தாண்ட ஏறி இறங்கிவிட்டு, மூச்சு வாங்காமல் நின்றாள். தினமும் காலையில் அவள் அதைச் செய்வது எல்லோரும் பார்த்ததுதான்.

தங்கபுஷ்பம் தொங்கினாள். தோளை இறக்கினாள். தலை இரண்டு விரற்கடை உயர்ந்தது.

“ஏறிட்டீங்க” என்றாள் ஜெனிட்டா.

“இவ்வளவுதானா?”

“இன்னைக்கு இவ்வளவு.”

அடுத்த வாரம் தங்கபுஷ்பம் வேறு மாதிரிக் கேட்டாள். “நான் சமையல்கட்டுல சும்மா இருக்கவ இல்ல மாஸ்டர். நூத்தி முப்பது பிள்ளையளுக்குச் சோறு வடிக்கேன். எங்கைக்குப் பலம் இல்லன்னு யாரும் சொல்லமாட்டாவ. பெறவு ஏன் ஏற மாட்டேங்கு?”

“சோத்து அண்டா எவ்வளவு கனம் இருக்கும்?”

“வெந்த பெறவுன்னா அம்பது கிலோவுக்கு மேல வரும்.”

“நீங்க?”

“எண்பத்தி ஒண்ணு.”

“அண்டாவத் தனியா இறக்குவீங்களா?”

“அது எப்படி? கூட வேல பாக்குத ஆயாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம். அண்டாவ யாரு தனியா இறக்குவா?”

ஜெனிட்டா தலையை ஆட்டினாள். கம்பியைக் காட்டினாள். தங்கபுஷ்பம் போய்த் தொங்கினாள்.

ஜூன் மாதம் இறங்கும் பயிற்சி தொடங்கியது. ஸ்டூலில் ஏறி, தாடையைக் கம்பிக்கு மேலே வைத்துக்கொண்டு, காலை எடுத்துவிட வேண்டும். பிறகு எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். ஏறுவதற்கு வேண்டிய பலம் இறங்கும்போது சேரும் என்று ஜெனிட்டா சொன்னாள். அவள் காரணம் சொன்ன சில இடங்களில் அது ஒன்று.

தங்கபுஷ்பம் காலை எடுத்ததும் பொத்தென்று விழுந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள். ஒவ்வொரு தடவையும், கை பாதி நீண்டு முகம் மேலே அண்ணாந்து வரும் இடத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த இடத்தில்தான் பிடியும் விட்டது.

“கண்ணத் திறந்து வச்சுக்கோங்க” என்றாள் ஜெனிட்டா.

“சரி மாஸ்டர்.”

அடுத்த தடவையும் மூடினாள்.

ஜெனிட்டா அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் அப்படித்தான் செய்வாள். இரண்டு கையையும் இடுப்பில் கொடுத்துக் கொஞ்சம் தாங்கிக்கொண்டால் விழாமல் இறங்கலாம். கை இடுப்பில் பட்டதுதான் தாமதம், தங்கபுஷ்பம் கம்பியை விட்டுவிட்டுக் குதித்தாள். திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

“கை வைக்காதிய.”

“விழாம இருக்கத்தான்.”

“விழுந்துட்டுப் போறேன். நீங்க கை வைக்காதிய, மாஸ்டர். சொல்லிட்டேன்.”

பக்கத்தில் எடை தூக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜெனிட்டா இரண்டு அடி பின்னால் போய் நின்றாள்.

“சரி” என்றாள்.

ஒரு மாதம் அப்படியே போயிற்று. தங்கபுஷ்பம் தினமும் வந்தாள். தினமும் விழுந்தாள். பாதம் கன்றிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் நொண்டி நடந்தாள். ஆயா கேட்டதற்குப் பாத்திரம் விழுந்துவிட்டது என்று சொன்னாள். பயிற்சி ஒரு விரற்கடைகூட முன்னேறவில்லை.

ஜூலைக் கடைசியில் ஜெனிட்டா அலமாரியிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை எடுத்து வந்தாள். மூன்று விரல் அகலம். அதைக் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டு, முட்டியை அதில் வைத்தால், உடம்பின் பாதிக் கனத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும். அகலமான ரப்பரில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஒல்லியான ரப்பருக்குப் போக வேண்டும். கடைசியில் ரப்பர் இருக்காது.

“இது சரியா இருக்குமா, இல்ல இதுவும் வேண்டாமா?” என்று கேட்டாள் ஜெனிட்டா.

தங்கபுஷ்பம் ரப்பரை இழுத்துப் பார்த்தாள்.

“இது பரவாயில்ல.”

“இதுவும் தூக்கிவிடத்தான செய்யும்?”

“ரப்பரு கீழ விழாதுல்லா.”

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. ரப்பரைக் கையில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

“யாரு விழுந்தா?” என்று கேட்டாள் ஜெனிட்டா.

கூடத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. தங்கபுஷ்பம் பெஞ்சில் உட்கார்ந்தாள். சமையல் குறிப்புச் சொல்வதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள்.

“போன வருசம் மார்கழி மழைக்குக் குளம் உடைஞ்சுட்டுல்லா. எங்க வீடு குளத்துக்கு நேர் கீழ. விடிஞ்சு எந்திரிக்கோம், வாசல்ல தண்ணி நிக்கு. சாமான எடுத்து மேல வைக்கதுக்குள்ள இடுப்பு வந்துட்டு. வெளிய வாறதுக்குள்ள கழுத்து. எங்க வீட்டுக்காரவிய சொன்னாவ, ‘நான் சன்ஷேடுல ஏறி உன்னத் தூக்குதேன், நீ விளிம்பப் பிடிச்சுக்கோ’ன்னு. சன்னல் கம்பியில காலு வச்சு அவிய ஏறிட்டாவ. நான் விளிம்பப் பிடிச்சுட்டேன். காலுக்கு ஒண்ணும் கிடைக்கல. தண்ணி இழுக்கு. ரெண்டு கையி மட்டும் மேல இருக்கு. எனக்கு ஏற முடியல மாஸ்டர். அண்ணாந்து பாத்துட்டே இருக்கேன், ஏற முடியல.”

“ம்.”

“அவிய குப்புறப் படுத்து என் ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்தாவ. நான் வந்துட்டேன். எம்முட்டி சன்ஷேடு மேல ஏறுது, அவிய சறுக்கிட்டாவ. பாசி பிடிச்ச இடம். ஒரு சத்தம்கூடப் போடல. மறுநாள் மத்தியானம் வாழைத் தோட்டத்துல கிடந்தாவ.”

வெளியே ஓர் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

“அவியள ஃப்ரீசர் பெட்டியில வச்சிருந்தாவ. எங்கொழுந்தன் பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு. யாருட்டயோ சொன்னாரு, ‘மதினிக்குக் கனத்த உடம்பு, அண்ணன் தாங்கல’ன்னு. கோவமாச் சொல்லல. உள்ளதச் சொன்னாரு. நானா ஏறியிருந்தா அவிய குனிஞ்சிருக்க வேண்டியது இல்ல.”

ஜெனிட்டா எழுந்து ஸ்டூலை இழுத்துக் கம்பிக்குக் கீழே போட்டாள்.

“ரப்பரை மாட்டட்டுமா?” என்று கேட்டாள்.

“மாட்டுங்க” என்றாள் தங்கபுஷ்பம்.

அன்று ரப்பரில் முட்டியை வைத்து அவள் மூன்று தடவை மேலே போனாள்.

அதன் பிறகு நாட்கள் ஒன்றுபோல ஓடின. அகலமான ரப்பரிலிருந்து இரண்டு விரல் ரப்பருக்கு வந்தாள். புரட்டாசியில் ஒரு விரல் ரப்பர். மத்தியானம் சமையல்கட்டில் நின்றபடி இரண்டு வேளைக்கான சோற்றைச் சேர்த்துச் சாப்பிடும் பழக்கத்தை விட்டாள். முட்டையும் பயறும் சாப்பிடச் சொன்னாள் ஜெனிட்டா, சாப்பிட்டாள். எடை குறைந்தது. அதை அவள் கேட்டு வரவில்லை, தானாக நடந்தது. மகள் விடுமுறைக்கு வந்தவள், “எம்மா, ஒன் கை என்ன இப்படி இருக்கு?” என்று தொட்டுப் பார்த்துவிட்டு, சுடிதாரில் கூட்டித் தைத்திருந்த துணியைப் பிரித்தெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்கழியில் புருஷனின் முதல் தெவசம் வந்தது.

கொழுந்தன் வீட்டில் வைத்துச் செய்தார்கள். இலை போட்டுப் பரிமாறும்போது கொழுந்தன் எதிரே வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். வீடு போன பிறகு, டவுனில் அவளுக்கு ஒற்றை அறை பார்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

“மதினி மெலிஞ்சுட்டிய” என்றார்.

“ஆமா.”

“இப்பம் எவ்வளவு இருப்பிய?”

“அறுவத்தி ஒம்பது.”

அவர் இலையைப் பார்த்தார். “அப்பமே இப்படி இருந்திருந்தா...” என்று தொடங்கி, அதோடு நிறுத்திவிட்டார். தங்கபுஷ்பம் பாயசம் வரை சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் கூடத்துக்கு வந்தவள் ஜெனிட்டாவிடம் ஒன்றும் சொல்லாமல் ரப்பரைக் கழற்றி எறிந்தாள். வெறுங்கையோடு கம்பியைப் பிடித்து இழுத்தாள். முக்கால்வாசி போயிற்று. விடாமல் உடம்பை ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். வலது தோளில் ஏதோ சுளுக்கென்றது.

டாக்டர் மூன்று வாரம் கையைத் தூக்கக் கூடாது என்றார்.

“இனி வரல மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போக வந்தாள் தங்கபுஷ்பம். “எனக்கு இது ஆவாது. ஆனாலும் என்ன ஆவப் போவுது?”

ஜெனிட்டா சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“புதுசா வந்த பிள்ளைங்க ஒரு நிமிசம் தொங்கணும். அவங்களே எண்ணுனா வேகமா எண்ணிடுறாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

“நான் வரலன்னு சொல்லுதேன்.”

“இன்னைக்கு வந்திருக்கீங்கல்ல. இன்னைக்குப் பாருங்க.”

அன்றைக்குப் பார்த்தாள். மறுநாளும் வந்து பார்த்தாள். மூன்று வாரமும் அந்தக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கும் ஒரு செகண்டுகூட விட்டுக்கொடுக்காமல் எண்ணினாள். நாலாவது வாரம் ஜெனிட்டா கடிகாரத்தை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, பழைய அகலமான ரப்பரை எடுத்து வந்தாள். தங்கபுஷ்பம் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தக் கூடத்தில் அவள் சிரித்து யாரும் அதுவரை பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. கரண்டு போய் மின்விசிறி நின்றிருந்தது. உள்ளே நாலு பேர் வேர்த்து வடிந்துகொண்டிருந்தார்கள். ஜெனிட்டா வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்தாள். ரப்பர் ஆணியில் தொங்கியது. அதை எடுக்கவில்லை. ஸ்டூலில் ஏறிக் கம்பியைப் பிடித்து, காலால் ஸ்டூலைத் தள்ளிவிட்டாள். கொஞ்சம் தொங்கினாள். தோளை இறக்கினாள். முழங்கை மடங்கியது. பாதியில், எப்போதும் நின்றுபோகும் இடத்தில் உடம்பு நின்றது. கம்பிக்கு மேலே ஓட்டுக் கூரையும் அதில் ஒரு கண்ணாடி ஓடும் தெரிந்தன. கண்ணாடி ஓட்டில் காக்கை எச்சம் இருந்தது. கண்ணை மூடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நெற்றி கம்பியைத் தாண்டியது. மூக்கு தாண்டியது. தாடையைத் தூக்கிக் கம்பிக்கு மேலே வைத்தாள்.

“மாஸ்டர்! மாஸ்டர்!” என்று யாரோ கத்தினார்கள்.

ஜெனிட்டா டீ தம்ளரோடு உள்ளே வந்தாள். பார்த்தாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். தங்கபுஷ்பம் கீழே இறங்கி, காலை ஊன்றி, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒரு பெண் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் அந்தப் பெண்ணின் முதுகைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

முகத்தில் சந்தோஷம் இல்லை. ஜெனிட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“ஒரு வருசம்கூட ஆவல. பதினோரு மாசம்தான். இது பெரிய வித்தையும் இல்ல. தெனமும் வந்தா யாருக்கும் வரும்.”

“வரும்.”

“அப்பம், இத முன்னாலயே செஞ்சிருக்கலாம்லா. கல்யாணமாயி இருவது வருசம் சும்மாத்தான இருந்தேன். அன்னைக்கு எனக்கு இது வந்திருந்தா அவிய கையக் குடுத்திருக்க மாட்டாவ. அப்படித்தான? இத இப்பம் செஞ்சு பாத்த பெறவுதான் நெஞ்ச அடைக்கி.”

ஜெனிட்டா டீயைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

“வாங்க, வெளிய போயிட்டு வருவோம்” என்றாள்.

குடோனுக்குப் பின்னால் நூறு அடியில் கடல். அலை ஊருக்குள் வராமல் இருக்கக் கருங்கல்லில் சுவர் கட்டியிருந்தார்கள். ஊர்ப் பக்கம் திட்டுப்போல உட்காரலாம். கடல் பக்கம் ஒன்றரை ஆள் உயரம் இறங்கும். நீர் வடிந்திருந்த நேரம். சுவருக்குக் கீழே ஈர மணல். மணலைத் தாண்டி அலை சின்னதாக வந்து வந்து திரும்பியது. வெயில் இன்னும் மஞ்சளாக அடித்தது.

இருவரும் சுவரின் மேல் உட்கார்ந்தார்கள். தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெனிட்டா செருப்பைக் கழற்றி வைத்தாள். திரும்பி, வயிற்றைச் சுவரில் வைத்து, கடல் பக்கமாகக் காலை இறக்கினாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்கினாள். பாதத்துக்கும் மணலுக்கும் இடையே இரண்டு அடி இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

தங்கபுஷ்பம் குப்புறப் படுத்துவிட்டாள். எப்போது படுத்தாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டு கையும் கீழே நீண்டிருந்தன.

“பிடிங்க, மாஸ்டர். எங்கையப் பிடிங்க.”

ஜெனிட்டா ஒரு கையை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு மற்றக் கையையும் விட்டுவிட்டு, முழுக் கனத்தையும் அவள் மேல் போட்டாள். தங்கபுஷ்பம் முன்னால் சறுக்கினாள். கல் நெஞ்சை உரசியது. தலையும் தோளும் விளிம்புக்கு வெளியே வந்துவிட்டன. கீழே மணல் நேராகத் தெரிந்தது. விடவில்லை. கால் விரல்கள் பின்னால் தடவித் தடவி, இரண்டு கல்லுக்கு நடுவில் ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து ஊன்றின. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஜெனிட்டாவின் பாதம் சுவரில் பட்டது. முழங்கை மேலே வந்தது. முட்டி வந்தது. இருவரும் சுவரின் மேல் கிடந்தார்கள்.

தங்கபுஷ்பத்தின் முழங்கை இரண்டும் உரிந்து, ரத்தம் புள்ளி புள்ளியாக வந்திருந்தது.

“என்ன மாஸ்டர் இது? இப்படியா செய்வாவ?” என்றாள். “கை நழுவியிருந்தா?”

ஜெனிட்டா எழுந்து உட்கார்ந்து கையிலிருந்த மணலைத் தட்டினாள்.

“எதுக்குக்கா கை குடுத்தீங்க?”

“என்ன கேள்வி இது? நீங்க கீழ தொங்குதிய. நான் மேல இருக்கேன்.”

“எனக்கு ஏறத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?”

தங்கபுஷ்பம் உரிந்த கைகளைப் பார்த்தாள். “எனக்கு ஏறத் தெரிஞ்சிருந்தாலும் அவிய கை குடுத்துத்தான் இருப்பாவ” என்றாள்.